அம்மாவோட வளையல் சத்தமும் ஒரு 50 வாட்ஸ் ரேடியோவும்

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி ஆச்சுன்னா எங்க வீட்டு சமையக்கட்டுல மிக்ஸி போடக் கூடாது, குழாயத் திறக்கக் கூடாது, யாரும் சத்தமா பேசக் கூடாது. ஜன்னல் கம்பியில ஒரு பழைய பட்டன் போன் தொங்கும், அதுல ஹெட்போன் ஒயர சொருகி (அந்த ஒயர்தான் ஆன்டெனா, அது இல்லன்னா எஃப்எம் எடுக்காது) ஒயரோட இன்னொரு முனைய கொடிக்கயித்துல துணி கிளிப் போட்டு மாட்டி வச்சிருப்பாங்க எங்கம்மா. ஹால்ல வச்சா பெரிய ஸ்டேஷன் ஏதாவது ஒண்ணு மேல ஏறி உக்காந்துக்கும். பெட்ரூம்ல வச்சா வெறும் கரகரதான். சமையக்கட்டு ஜன்னல்ல, அதுவும் மூணாவது கம்பியில மட்டும், அந்தக் குட்டி ஸ்டேஷன் தெளிவா வரும்.

பெங்களூர்ல ஒரு காலேஜ் கேம்பஸ்குள்ள இருந்து நடக்குற கம்யூனிட்டி ரேடியோ அது. அதுல ஒரு மணி நேரம் ஒரு பேச்சு நிகழ்ச்சி. எங்கம்மாவுக்கு அது பேரு "நாலு மணி புரோகிராம்". சினிமாக்காரங்க யாரும் வர மாட்டாங்க. சுத்துவட்டாரத்துல இருக்குறவங்க தான் வருவாங்க. ஒரு வாரம் சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்ல பூ கட்டுற அம்மா ஒருத்தங்க வந்து கனகாம்பரம் வாடாம இருக்க என்ன பண்ணுவோம்னு சொன்னாங்க. ஒரு வாரம் பிஎம்டிசி பஸ்ல கண்டக்டரா இருந்து ரிடையர் ஆனவரு, சில்லறை இல்லாதப்ப டிக்கெட் பின்னாடி பாக்கி எழுதிக் குடுத்த கதையெல்லாம் சொன்னாரு. கார்த்திக மாசம் கடைசி திங்கக்கிழமை பசவனகுடியில நடக்குற கடலெகாய் பரிசெக்கு வருஷா வருஷம் வேர்க்கடலை மூட்டையோட வந்து ரோட்டோரமே படுத்துக்குற குடும்பத்தப் பத்தி ஒரு வாரம், செப்டம்பர் எட்டாம் தேதி மாதா கோயில் திருவிழாவுக்குக் காவி உடுத்திக்கிட்டு நடந்தே வர்றவங்களப் பத்தி ஒரு வாரம்.

நடத்துற பொண்ணு ஹாசன் பக்கத்துக் கன்னடத்துல கேள்வி கேக்கும். பதில் சொல்றவங்க தமிழ்ல சொல்லலாம், தெலுங்குல சொல்லலாம், உருதுல சொல்லலாம், பெங்களூர்ல பாதிப் பேரு பேசுற மாதிரி நாலையும் கலந்து ஒரே வாக்கியத்துல சொல்லலாம். அவங்க சொல்லி முடிச்சதும் அந்தப் பொண்ணு ரெண்டு வரியில கன்னடத்துல சாரத்த சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடும். பேசுறவங்கள நடுவுல நிறுத்தி "கன்னடத்துல சொல்லுங்க"ன்னு ஒரு தடவ கூட சொல்லி நான் கேட்டதில்ல. இத ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, இந்த ஊர்ல தமிழ் பேசுறவங்க வீட்ல இத ஒரு சின்ன விஷயமா யாரும் எடுத்துக்க மாட்டாங்க. அதப் பத்தி அப்புறம் வர்றேன்.

முதல்ல எங்கம்மாவுக்கும் ரேடியோவுக்கும் உள்ள சம்பந்தத்த சொல்லணும்.

அம்மா பொறந்து வளந்து கல்யாணம் ஆனது எல்லாமே கோலார் தங்கவயல்ல, சாம்பியன் ரீஃப்ங்குற சுரங்கத்து லைன் வீட்ல. லைன்னா வரிசையா ஒட்டி ஒட்டிக் கட்டின ஒத்த ரூம் வீடுங்க, ஒரு வீட்ல தாளிச்சா நாலு வீட்ல தும்முவாங்க. 1880கள்ல வெள்ளக்காரக் கம்பெனி வந்து சுரங்கம் தோண்ட ஆரம்பிச்சதுல இருந்து வட ஆற்காடு, சேலம், தருமபுரி பக்கத்துல இருந்து வந்து குடியேறின ஜனங்க தான் அங்க நிறைய. மைசூர் சமஸ்தானத்துக்குள்ள ஒரு தமிழ் ஊர். 1902லயே சிவனசமுத்திரத்துல இருந்து கரண்ட் வந்துடுச்சு, பெங்களூருக்கே அதுக்கு மூணு வருஷம் கழிச்சுத்தான் வந்தது, ஆனா அந்தக் கரண்ட் மெஷினுக்கு வந்தது, லைன் வீட்டுக்கு இல்ல. எங்க தாத்தா ஒரு பேட்டரி ரேடியோ வாங்கினப்ப அம்மாவுக்குப் பத்து பதினோரு வயசாம். தபால் ஆபீஸ்ல வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டணும் அப்ப. சாயங்காலம் ஆனா வாசல்ல ஸ்டூல் போட்டு ரேடியோவ வச்சா எதிர் வரிசை வீட்டுக்காரங்களும் திண்ணையில வந்து உக்காந்துடுவாங்களாம். சிலோன் ஸ்டேஷன் பாட்டு, திருச்சி நாடகம், அப்புறம் டெல்லியில இருந்து செய்தி.

"ஆகாஷவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயண்சுவாமி." அந்தக் குரல அம்மா இன்னைக்கும் அப்படியே சொல்லிக் காட்டுவாங்க. மும்பையில பொறந்து டெல்லியில இருந்து தமிழ்ச் செய்தி வாசிச்ச குரல் அது, முப்பது வருஷத்துக்கும் மேல. 2022 ஆகஸ்ட்ல அவங்க காலமானாங்கன்னு நான் போன்ல பாத்து சொன்னப்ப அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அந்தக் குரல் மேல அம்மாவுக்கு அவ்வளவு மரியாதை. ஆனா அதோட சேத்து அவங்க மனசுல ஒண்ணு பதிஞ்சு போச்சு: ரேடியோவுல பேசணும்னா அப்படித்தான் பேசணும், எழுத்து சுத்தமா, மூச்சு வாங்காம, படிச்சவங்க மாதிரி. நம்மள மாதிரி ஆளுங்க கேக்குற பக்கம் உக்காரத்தான். ஆறாங் கிளாஸோட படிப்ப நிறுத்தினவங்க அவங்க. அறுபது வயசு வரைக்கும் அந்த எண்ணத்துலயே தான் இருந்தாங்க.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்த மூடினாங்க. நூத்திருபது வருஷத் தொழில் ஒரு தேதியோட நின்னு போச்சு. மாரிக்குப்பத்துல இருந்து பெங்களூருக்கு விடியக்காலையில கெளம்புற ரயில்ல ஏறி, இங்க செக்யூரிட்டி வேலையோ கட்டட வேலையோ பாத்துட்டு, ராத்திரி அதே ரயில்ல திரும்புற வாழ்க்கை அப்பாவுக்கு ஆரம்பிச்சது. ஆறு மாசம் அப்படி ஓடி ஓடி முடியாம, லிங்கராஜபுரத்துல ஒரு ரூம் பாத்து எல்லாரும் வந்துட்டோம். அப்ப எனக்கு எட்டு வயசு.

அதே 2001ல ஜூலை மாசம் பெங்களூர்ல நாட்டோட முதல் தனியார் எஃப்எம் ஆரம்பிச்சது. ஊரே அதத்தான் பேசுச்சு. பஸ்ல, சலூன்ல, பேக்கரியில எங்க பாத்தாலும் எஃப்எம். எனக்கும் புடிச்சது, பொய் சொல்லக் கூடாது. பாட்டு நல்லா இருக்கும், பேசுறவங்க படபடன்னு சிரிச்சுக்கிட்டே பேசுவாங்க. அம்மாவும் கேப்பாங்க. ஆனா ஒரு நாள் சொன்னாங்க, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா இதுல யாருக்கும் தண்ணி வரலன்னு கவலையே இல்ல பாரு"ன்னு. அது ஒரு குறையா சொன்ன மாதிரி கூட இல்ல, பாத்தத சொன்னாங்க. அந்த மாதிரி ஸ்டேஷனுக்கு அலைவரிசை ஏலத்துல கோடிக்கணக்குல பணம் கட்டணும், அந்தக் காச விளம்பரத்துல எடுக்கணும், விளம்பரம் குடுக்குறவனுக்கு எந்தக் காது வேணுமோ அந்தக் காதுக்குத்தான் பேச முடியும். லிங்கராஜபுரத்துக் குடத்துக்கு அதுல எடம் கெடையாது.

கம்யூனிட்டி ரேடியோ வேற கணக்கு. அலைவரிசை பொதுச்சொத்துன்னு சுப்ரீம் கோர்ட் 1995 பிப்ரவரியில தீர்ப்பு சொன்னதுல இருந்து தான் இந்தக் கதவு தெறக்க ஆரம்பிச்சது. ஆனா மெதுவா. 2002 கடைசியில படிப்பு நிறுவனங்களுக்கு மட்டும்னு அனுமதி குடுத்தாங்க, 2004 பிப்ரவரியில சென்னை அண்ணா யுனிவர்சிட்டி தான் முதல்ல ஆரம்பிச்சது. 2006க்கு அப்புறம் தான் தொண்டு அமைப்புகளுக்கும் குடுத்தாங்க. டிரான்ஸ்மிட்டர் 50 வாட்ஸ் தான், வீட்ல எரியுற பழைய குண்டு பல்பு ரெண்டு சேந்தா அத விட அதிகம். கோபுரம் முப்பது மீட்டருக்கு மேல கூடாது. பத்து கிலோமீட்டர், மிஞ்சிப் போனா பதினஞ்சு, அவ்வளவு தான் போகும், பெங்களூர் மாதிரி கட்டடம் நெருக்கின ஊர்ல அதுவும் கொறையும். நிகழ்ச்சியில பாதியாவது அந்த இடத்து ஜனங்களே சேந்து செஞ்சதா இருக்கணும், முடிஞ்ச வரைக்கும் அவங்க பேசுற பேச்சுலயே இருக்கணும்னு விதியிலயே எழுதியிருக்கு. அரசியல் செய்தி போடக் கூடாது. ஆனா தண்ணி எப்ப வரும், கரண்ட் எப்ப போகும், எந்தத் திருவிழாவுக்கு எந்த ரோட அடைப்பாங்க, எங்க வேலைக்கு ஆள் எடுக்குறாங்க, இதெல்லாம் செய்திக் கணக்குல சேராது, தாராளமா சொல்லலாம். அம்மா கேட்ட தண்ணிக் கவலை இங்க விதிப்படியே வருது!

இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச கதை எங்க ஊருக்குப் பக்கத்துலயே நடந்தது. பங்காரப்பேட்டை தாலூக்காவுல பூதிக்கோட்டைன்னு ஒரு கிராமம், ஹைதர் அலி பொறந்த ஊர். 2000களோட தொடக்கத்துல அங்க ஜனங்களே சேந்து "நம்ம த்வனி"ன்னு ஒரு ரேடியோ நடத்தினாங்க. காத்துல அனுப்ப அவங்களுக்கு அனுமதி கெடையாது, அதனால டிவி கேபிள் ஒயர் வழியாவே சத்தத்த வீட்டுக்கு வீடு அனுப்பினாங்க. காத்த உபயோகிக்க விடலன்னா ஒயரப் புடிச்சுப் போறேன்னு ஒரு கிராமம் முடிவு பண்ணுது பாருங்க, அத நெனச்சா எனக்கு இப்பவும் உடம்பு சிலுக்குது. தெலங்கானாவுல பஸ்தாபூர் பக்கத்துல தலித் பெண்களே நடத்துற சங்கம் ரேடியோ, பாம்பன்ல மீனவங்களுக்காக 2016ல வந்த கடல் ஓசை 90.4, எல்லாம் இந்த வழியில வந்தவங்க தான். இன்னும் பின்னாடி போனா மைசூர்ல 1935ல கோபாலசாமிங்குற ஒரு சைக்காலஜி புரொஃபசர் சொந்த வீட்ல முப்பது வாட்ஸ் டிரான்ஸ்மிட்டர் வச்சு ஒரு ஸ்டேஷன் நடத்தினாரு. அதுக்கு அவங்க வச்ச பேரு தான் ஆகாஷவாணி. நாட்டு ரேடியோவுக்கே அந்தப் பேரு அங்க இருந்து தான் வந்தது. ஒரு வீட்டு ரூம்ல இருந்து.

சரி, நாலு மணி புரோகிராமுக்கு வர்றேன். எங்க வீட்ல இது முதல்ல புடிச்சது கரக நிகழ்ச்சியால. சித்திரை பௌர்ணமி ராத்திரி தர்மராயர் கோயில்ல இருந்து கெளம்புற பெங்களூர் கரகத்தப் பத்தித் தெரியாதவங்க இங்க கெடையாது. பரம்பரையா தோட்டம் வைக்கிற திகளர் சமூகத்துக்காரங்க எடுக்குறது. திரௌபதியா வேஷம் கட்டி, மஞ்சப் புடவையும் வளையலும் போட்டு, தலையில மல்லிப்பூ கோபுரத்தத் தூக்கிக்கிட்டு கையால தொடாம ராத்திரி பூரா நடக்கணும், கூட கத்தியோட வீரகுமாரர்கள், நடுவுல காட்டன்பேட்டை மஸ்தான் தர்காவுல நின்னு போகணும். இதெல்லாம் டிவியில வருஷா வருஷம் காட்டுறது தான். அந்த வார நிகழ்ச்சியில வந்த பெரியவரு திகளர், நர்சரி வச்சிருக்குறவரு. அவரு கரகத்தப் பத்தி பேசினத விட அவரு பேசின பாஷை தான் எங்கம்மாவ நிமித்தி உக்கார வச்சது. கன்னடத்துல ஆரம்பிப்பாரு, நடுவுல ஒரு தமிழ் வரும், அந்தத் தமிழ் நம்ம தமிழ் மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும், அவரு பாட்டி பேசின பேச்சுன்னு சொன்னாரு. அந்தப் பொண்ணு கேட்டுச்சு, "இது எந்த பாஷை தாத்தா?" அவரு சொன்னாரு, "இது தோட்டத்து பாஷைம்மா."

அம்மா கரண்டியக் கீழ வச்சுட்டாங்க. "பாத்தியா, யாரும் அவர சிரிக்கல"ன்னாங்க.

இப்ப அந்த விஷயத்துக்கு வர்றேன். பெங்களூர்ல இருக்குற தமிழங்களுக்கு வாயில ஒரு பூட்டு உண்டு, எப்ப போடணும்னு யாரும் சொல்லித் தர வேணாம். 1991 டிசம்பர்ல காவிரிக் கலவரம் நடந்தப்ப என் மாமா ஒருத்தரு ஸ்ரீராமபுரத்துல இருந்தாரு, ரெண்டு நாள் குழந்தைய அழ விடாம வாயப் பொத்தி வச்சிருந்தேன்னு சொல்லுவாரு. அதே வருஷம் அல்சூர் ஏரிப் பக்கம் வச்ச திருவள்ளுவர் சிலை பதினெட்டு வருஷம் மூடியே கெடந்து 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி தான் தெறந்தாங்க. அன்னைக்கு அப்பா எங்கள கூட்டிட்டுப் போனாரு, கூட்டத்துல ஒண்ணும் தெரியல, ஆனாலும் போனோம். அப்புறம் 2016 செப்டம்பர் 12, மறுபடியும் காவிரிக் கலவரம். அன்னைக்கு ஆபீஸ மதியமே விட்டுட்டாங்க. நானும் அம்மாவும் போன்ல பேசினோம், ரெண்டு பேரும் தமிழே பேசல. அம்மா கன்னடத்துல "எல்லித்தியா, ஊட்டா ஆய்த்தா"ன்னு, எங்க இருக்க, சாப்டாச்சான்னு கேட்டாங்க, நான் கன்னடத்துல பதில் சொன்னேன். பஸ்ல பக்கத்துல உக்காந்திருந்த பொண்ணு என்ன ஒரு மாதிரி பாத்துச்சு, எனக்கு அப்ப பயமா இருந்துச்சு. எறங்குற எடத்துல அந்தப் பொண்ணே என் கையப் புடிச்சு ஆட்டோல ஏத்தி விட்டு, டிரைவர்கிட்ட கன்னடத்துல "அண்ணா, மனை பாகில்வரெகூ பிடி"ன்னு, வீட்டு வாசல் வரைக்கும் விடச் சொல்லிட்டுப் போச்சு. ரெண்டும் இந்த ஊர் தான். ஆனா பூட்டு பூட்டு தான், அது ஒரு நாள்ல கழண்டு வராது.

அதனால தான் ஒரு கன்னட நிகழ்ச்சிக்குள்ள, கன்னடத்துல கேட்ட கேள்விக்கு, ஒருத்தரு தன் பாட்டி பேச்சுல பதில் சொல்லி, அது அப்படியே காத்துல போனது எங்க சமையக்கட்டுல அவ்வளவு பெரிய விஷயமா இருந்துச்சு. கலாச்சாரத்தக் கொண்டாடுறோம்னு மேடை போட்டு, மைக் டெஸ்ட் பண்ணி, பொன்னாடை போத்தி, நாலு பேரு பேசி, குழந்தைங்கள ஆட வச்சு அனுப்புறத நான் நெறைய பாத்துட்டேன். அதுல எனக்குக் கோவம் இல்ல. ஆனா அங்க பேசுறவங்க எப்பவும் ஒரே நாலு பேரு. பூ கட்டுறவங்க மாலையக் குடுத்துட்டு மேடைக்குக் கீழ நின்னுடுவாங்க. இங்க அந்த அம்மாவே உக்காந்து, எந்த நார் வழுக்கும், எந்த நார் விரல அறுக்கும்னு இருபது நிமிஷம் பேசுனாங்க, அந்த இருபது நிமிஷமும் தெரிஞ்சவங்க அவங்க, கேட்டுக்கிட்டவங்க நாங்க.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை நிகழ்ச்சியோட விஷயம் "இப்ப கேக்க முடியாத சத்தம்". போன் பண்ணி சொல்லலாம்னாங்க. ஸ்ரீராமபுரத்துல இருந்து ஒரு ஐயா மினர்வா மில்லுல ஊதுற சங்குச் சத்தத்தப் பத்தி சொன்னாரு. கப்பன்பேட்டையில இருந்து ஒருத்தங்க பட்டுத் தறி சத்தம் இல்லாம எங்க தெருவுல தூக்கமே வரலன்னாங்க. நான் ஹால்ல துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன். சமையக்கட்டுல அம்மா யார்கிட்டயோ பேசுற சத்தம். கூடவே அதே குரல் ஒரு செகண்ட் தள்ளி ஜன்னல்ல இருந்தும் வருது. நான் ஓடிப் போய்ப் பாத்தா, என் போன எடுத்து அவங்களே நம்பர் போட்டுட்டாங்க. ஜன்னல் பக்கம் இருந்ததால கீன்னு ஒரு சத்தம் வேற. அந்தப் பொண்ணு "அம்மா, ரேடியோ சவுண்ட் கொஞ்சம் கம்மி மாடி"ன்னு சொல்லுது, அம்மா அந்த பட்டன் போன முந்தானையில சுத்தி இடுப்புல வச்சுக்கிட்டு பேசுறாங்க. "எங்க ஊர் சங்கு, கண்ணு. கேஜிஎஃப் சங்கு. அது இப்ப இல்ல." அவ்வளவு தான் சொன்னாங்க, மேல வரல. அந்தப் பொண்ணு நம்பர் வாங்கி வச்சுக்கிட்டு, ரெண்டு நாள் கழிச்சு கூப்பிட்டு, ஸ்டூடியோவுக்கே வாங்கன்னுச்சு.

ஸ்டூடியோன்னா ஒரு சின்ன ரூம். சுவத்துல கறுப்பு ஃபோம், கதவுக்கு கனமா ஒரு திரை, ஒரு மேஜை, ரெண்டு மைக்கு, ஒரு கம்ப்யூட்டர். சத்தம் வரும்னு ஃபேன நிறுத்திட்டாங்க, அஞ்சு நிமிஷத்துல எல்லாருக்கும் வேர்த்து ஊத்துது. அம்மா கல்யாணப் புடவை மாதிரி ஒண்ணக் கட்டிக்கிட்டு வந்திருந்தாங்க, ரேடியோவுல புடவை தெரியாதும்மான்னு நான் சொல்லிப் பாத்தேன், கேக்கல. ஹெட்போன் போட்டதும் தன் மூச்சு தனக்கே கேக்கவும் பயந்துட்டாங்க. முதல்ல கொஞ்ச நேரம் சரோஜ் நாராயண்சுவாமி மாதிரி பேசிப் பாத்தாங்க. "நான்... பிறந்து... வளர்ந்தது..." ஒவ்வொரு வார்த்தையா எடுத்து வைக்கிறாங்க, அது அவங்க குரலே இல்ல. அந்தப் பொண்ணு ரெக்கார்டிங்க நிறுத்தல. பேனாவக் கீழ வச்சுட்டு, "அம்மா, உங்க லைன்ல காலையில முதல்ல எந்திரிக்கிறது யாரு?"ன்னு அதுக்குத் தெரிஞ்ச உடைஞ்ச தமிழ்ல கேட்டுச்சு. அம்மா சட்டுன்னு, "யாரு, எங்க அத்த தான், அது தூங்குனா தான எந்திரிக்கிறதுக்கு"ன்னாங்க. அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் நிறுத்தல.

கை ஆட்டி ஆட்டித் தான் அம்மாவுக்குப் பேச வரும். ரெண்டு கையிலயும் டஜன் கண்ணாடி வளையல், மைக்குல கலகலன்னு விழுது. கழட்ட முடியுமான்னு அந்தப் பொண்ணு தயங்கித் தயங்கிக் கேட்டுச்சு. அப்பா போய் மூணு வருஷம் ஆகுது. வளையல் போடக் கூடாதுன்னு சொன்ன சொந்தக்காரங்ககிட்ட சண்ட போட்டு போட்டுக்கிட்டது அது. அம்மா அதெல்லாம் சொல்லல, "இது இருக்கட்டும்மா"ன்னு மட்டும் சொன்னாங்க. அந்தப் பொண்ணு ஒரு நிமிஷம் யோசிச்சு, மைக்க கொஞ்சம் தூரமா தள்ளி வச்சு, "சரி, இருக்கட்டும்"னுச்சு.

அம்மா சொன்னதுல பாதி எனக்கே புதுசு. சங்கு எத்தன தடவ ஊதும், எந்த ஷிஃப்டுக்கு எப்ப ஊதும், அத வச்சுத்தான் உலை வைக்கிறது, புள்ளைங்கள பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறது, பால் குடுக்குறது எல்லாம்னாங்க. வீட்ல கடிகாரமே கெடையாதாம். அப்புறம் ஏர் பிளாஸ்ட் பத்தி. பூமிக்குள்ள ஆழத்துல, மூணு கிலோமீட்டருக்கு மேல தோண்டின சுரங்கம் அது, அழுத்தம் தாங்காம பாறை வெடிச்சா மேல வீடு குலுங்கும். பலகையில அடுக்கின சில்வர் பாத்திரம் எல்லாம் சடசடன்னு விழும். விழுந்தத யாரும் எடுக்க மாட்டாங்களாம். அப்படியே போட்டுட்டு, கையில இருக்குற புள்ளையோட ஷாஃப்ட் பக்கம், அதாவது சுரங்கத்துக்குள்ள எறங்குற குழி பக்கம் ஓடணும். அங்க மேல பெரிய சக்கரம் இருக்கும், அது சுத்துனா ஆளுங்கள ஏத்தி எறக்குற கூண்டு, கேஜு, மேல வருதுன்னு அர்த்தம்.

"சங்கு நேரத்துக்கு ஊதுனா சோறு வைக்கணும். நேரந்தப்பி ஊதுனா சக்கரத்தப் பாக்கணும். ஒரு நாள் நாங்க எல்லாம் சக்கரத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறோம், சுத்தல. யாரும் அழல. அழுதா சக்கரம் சுத்துற சத்தம் கேக்காம போயிடும்னு."

அதோட நிறுத்திட்டாங்க. அந்தப் பொண்ணும் ஒண்ணும் கேக்கல. ரூம்ல சத்தமே இல்ல, அம்மா வளையல் மட்டும் ஒரு தடவ மேஜையில பட்டுச்சு. அப்பா வந்தாரா அன்னைக்குன்னு கேக்க எனக்கு நாக்கு வரைக்கும் வந்துச்சு. வந்திருக்காரு, நான் அதுக்கப்புறம் பொறந்தவ. ஆனா வராதவங்க யாருன்னு அம்மா சொல்லவும் இல்ல, நான் இது வரைக்கும் கேக்கவும் இல்ல.

எடிட் பண்ணும்போது அந்தப் பொண்ணு என்னக் கூப்பிட்டுக் காட்டுச்சு. கம்ப்யூட்டர்ல குரல் எல்லாம் மேடும் பள்ளமுமா தெரியுது, அந்த இடத்துல மட்டும் தட்டையா ஒரு கோடு, ஒன்பது செகண்ட். நடுவுல ஒரு சின்ன முள்ளு மாதிரி, அது வளையல். ரேடியோவுல மூணு செகண்டுக்கு மேல சத்தம் இல்லன்னா ஜனங்க ஸ்டேஷன் போயிடுச்சுன்னு மாத்திடுவாங்க, வெட்டிடுன்னு தான் எங்களுக்கு சொல்லிக் குடுத்திருக்காங்கன்னுச்சு. அப்புறம் மவுச விட்டுட்டு என்னப் பாத்து, "பேடா அல்வா?"ன்னுச்சு, வெட்ட வேணாம் தானன்னு. வேணாம், விடுன்னு நானும் சொன்னேன். ஒன்பது செகண்டும் அப்படியே போச்சு.

ஒலிபரப்பான சனிக்கிழமை வீடு நெறைய ஆளு. பக்கத்து வீட்டு அக்கா, மேல் வீட்டு மலையாளிக் குடும்பம், இஸ்திரி போடுற அண்ணன், எல்லாரும் எங்க பத்துக்கு எட்டு சமையக்கட்டுல. மூணாவது கம்பியில போன் தொங்குது. அம்மா உள்ள வரவே இல்ல, வாசப்படியில உக்காந்து கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தாங்க. அந்த ஒன்பது செகண்ட் வந்தப்ப இஸ்திரி அண்ணன் போன் பக்கம் கைய நீட்டினாரு, சிக்னல் போயிடுச்சுன்னு. அக்கா அவரு கையப் புடிச்சுக்கிட்டாங்க. வளையல் சத்தம் வந்துச்சு.

ராத்திரி எட்டு மணிக்கு அந்த ஸ்டேஷன் பொண்ணு கூப்பிட்டுச்சு. ஈஜிபுரால இருந்து ஒருத்தங்க ஸ்டேஷனுக்குப் போன் பண்ணினாங்களாம், அம்மா நம்பர் கேக்குறாங்க, குடுக்கலாமான்னு. குடுன்னாங்க அம்மா. அஞ்சு நிமிஷத்துல போன் வந்துச்சு. நான் ஸ்பீக்கர்ல போட்டேன். அந்தப் பக்கம் ஒரு வயசான குரல், வணக்கம் இல்ல, பேரு இல்ல, எடுத்த எடுப்புல கேட்டாங்க:

"எந்த லைன்மா நீ?"

அம்மா சொன்னாங்க. அந்தப் பக்கம் ஒரு சத்தம், சிரிப்பா அழுகையான்னு தெரியல. "அப்ப உங்க லைன் கொழாயிலதான்மா நாங்க தண்ணி புடிச்சோம்." அம்மா ஸ்பீக்கர அணைக்கச் சொல்லி கை காட்டிட்டு, போன வாங்கி காதுல வச்சுக்கிட்டு சமையக்கட்டு ஜன்னலாண்ட போய் நின்னுட்டாங்க. அடுப்புல சாம்பார் கொதிக்குது, நான் போய் அத எறக்கி வச்சேன்.